இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்டியவன்

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விஞ்ஞானப் பாடம் படித்துக்கொண்டிருந்தீர்கள். செல்சியஸ் அளவைக் கெல்வின் அளவாக மாற்ற 273 கூட்ட வேண்டும் என்று சின்னவள் ஒப்பித்தாள். "அவ்வளவுதானே, கூட்டினா முடிஞ்சிச்சு" என்று பெரியவன் புத்தகத்தை மூடிவிட்டான். நான் எழுந்து வாசல் பக்கம் போய்விட்டேன். நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். உங்கள் அம்மா கவனித்தாள்.

"அதை இதுங்களுக்குச் சொல்லிடுங்க. வாயால சொன்னா பாதியில நிறுத்திடுவீங்க. எழுதிக் குடுங்க" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரியவன் அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாதம். பினாங்கில் நான் ஓர் ஐஸ் ஆலையில் வேலை பார்த்தேன். ரப்பர் விலை விழுந்து, வேலை இல்லாதவர்கள் கும்பல் கும்பலாக நாகப்பட்டினம் கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒரு வேலை போனால் தீவில் இன்னொரு வேலை கிடைக்காது. எங்கள் ஆலையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஆகவே அங்கே யாரும் சத்தமாகப் பேசுவது கூடக் கிடையாது.

ஆலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நீச்சல் குளம் மாதிரி ஒரு பெரிய தொட்டி. அதில் உப்புத்தண்ணீர். உப்புப் போட்ட தண்ணீர் சீக்கிரம் உறையாது, அதனால் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தாலும் தண்ணீராகவே ஓடிக்கொண்டிருக்கும். நல்ல தண்ணீர் நிரப்பிய நீளமான தகர டப்பாக்களை அதற்குள் இறக்கி, மேலே மரப்பலகை போட்டு மூடிவிடுவோம். டப்பாவுக்குள் இருக்கும் தண்ணீர் மெல்ல மெல்லக் கட்டியாகும். பக்கத்து அறையில் இயந்திரம் ஓடும். ஊரில் அதைக் குளிர் உண்டாக்குகிற இயந்திரம் என்பார்கள். அது குளிரை உண்டாக்குவதில்லை. தொட்டியில் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு நாள் ஆயிற்று.

இயந்திரத்தைக் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் பார்த்துக்கொண்டார்கள். காலை முறைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் வீட்டில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். சுங்கை பினாங்கில் மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல். இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எண்கள் தெரியும். மாலை முறைக்காரர் நம்மவர், என்னைவிடச் சற்று மூத்தவர்.

இரண்டு பேரும் மணிக்கு ஒரு தரம் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சுவரில் மாட்டிய கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எண்களை எழுதுவார்கள். நான் அதைப் பார்த்து அச்சடித்த தாளில் மையால் எழுதி, வாரம் ஒரு தரம் சிங்கப்பூரில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று மேனேஜர் துரை சொல்லியிருக்கிறார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இங்கேதான் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் ஜெர்மன் நாட்டில் செய்தது, தெர்மாமீட்டரில் இருந்தது சென்டிகிரேட் அளவு. உங்கள் புத்தகத்தில் செல்சியஸ் என்று போட்டிருப்பது அதுதான். தொட்டித் தண்ணீர் எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும். மேலே வந்தால் ஐஸ் ஏது. ஆகவே "தொட்டி எட்டு" என்றால் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு என்று எல்லோருக்கும் தெரியும். மைனஸ் கோடு போடுகிற பழக்கமே எங்களுக்கு இல்லை. பழைய தாளிலும் அந்தக் கட்டத்தின் தலையில் "பூஜ்யத்துக்குக் கீழே" என்று இங்கிலீஷில் அச்சடித்தே இருக்கும். நாங்கள் வெறும் எட்டு, வெறும் பத்து என்று எழுதிப் பழகிவிட்டோம்.

அந்த வருஷம் சிங்கப்பூரிலிருந்து புது இஞ்சினியர் ஒருவர் வந்து ஆலையைப் பார்த்தார். தொட்டிப் பலகை மேல் நின்றுகொண்டு மலாயில் எங்களுக்கு விளக்கினார். இந்தத் தொட்டிக்குள்ளும் சூடு இருக்கிறது, ஐஸுக்குள்ளும் சூடு இருக்கிறது, இன்னும் எடுக்க எடுக்க வரும் என்றார். எடுக்க ஒன்றுமே மிச்சமில்லாத ஓர் இடம் உண்டு, அதற்குக் கீழே போக வழியில்லை, அதைத்தான் உண்மையான பூஜ்யமாக வைத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் உறைகிற இடம் அதிலிருந்து 273 படி மேலே இருக்கிறது என்றார்.

அவர் போனதும் நானா கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஐஸுக்குள்ள சூடு இருக்காம்லா தம்பி. தொரை தொப்பி போடாம வந்துட்டாரு, வெயிலு ஏறிடுச்சு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் புதுத் தாள்கள் வந்தன. கட்டங்களின் தலையில் பழைய வாசகம் இல்லை, K என்ற ஒரே எழுத்து. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: எல்லா அளவோடும் 273 கூட்டி எழுதவும். நான் கூட்டினேன். இயந்திரத்தின் சூட்டை வெளியே கொண்டுபோகிற குழாய்த் தண்ணீர் முப்பது என்றால் 303. சரி. தொட்டி எட்டு என்றால் 281. அழகாக, மை சிந்தாமல், ஏழு வாரம் எழுதி அனுப்பினேன். அந்த ஏழு வாரத்தில் ஒரு நாள் கூட எனக்கு உறுத்தவில்லை.

தைப்பூசம் நெருங்கியது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் முன்னதாகவே ஐஸுக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். மீன் படகுக்காரர்களின் தேவையும் வழக்கம்போல இருந்தது. நானா இயந்திரத்தை விட்டு நகரவே இல்லை. மத்தியானச் சோற்றைக் கூட அதன் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டார். தொட்டி எட்டாக இருந்தது பத்தாயிற்று. மாலை முறைக்காரர் வருகிற நேரத்தில் ஐஸ் டப்பாக்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் டப்பாக்களை இறக்குவார்கள், அதனால் அவர் முறையில் தொட்டி ஆறுக்கு வந்துவிடும். அது அவர் குற்றமில்லை.

அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்தது. புது இஞ்சினியர் விடுப்பில் கப்பலேறிப் போய்விட்டாராம். அவர் இடத்தில் இருந்தவர் எழுதியிருந்தார். மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் கோப்பில் வைக்கச் சொன்னார். நான் வைப்பதற்கு முன்னால் படித்தேன்.

எங்கள் தொட்டித் தெர்மாமீட்டர் கெட்டுப்போய் அதிகமாகக் காட்டுகிறது, இந்த அளவில் ஐஸ் உறையாது என்பது தங்களுக்குத் தெரியும், புதியது ஒன்று அனுப்புகிறோம் என்று இருந்தது. அடுத்த வரி இப்படி: ஆனால் இரண்டு முறைக்காரர்களும் பார்ப்பது ஒரே தெர்மாமீட்டரைத்தான். மாலையில் 279 காட்டுகிறது, காலையில் 283. காலை முறைக்காரர் கையில் தொட்டி நான்கு டிகிரி சூடாக இருக்கிறது, வேலை நெருக்கும்போது இன்னும் மோசமாகிறது. வயதான அவரை மாதக் கடைசியோடு நிறுத்திவிடவும். மாலை முறைக்காரரின் கவனத்தைப் பாராட்டுகிறோம்.

துரை அன்றைக்கே நானாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நானா வாதாடவில்லை. வெளியே வந்து இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நானா, துரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே."

"என்னத்தக் கேக்குறது. தெர்மாமீட்டரு சொல்லுதுங்கிறாரு. அதுகிட்டப் போயி நா சண்ட போடவா." எண்ணெய்க் குப்பியை மூடி வைத்தார். "கப்பலுக்குப் போனா புள்ளைங்க நாலும் ஊரைப் பாக்காததுங்க. அங்க போயி மலாயில பேசுங்க. எல்லாரும் சிரிப்பாங்க."

மாலை முறைக்காரர் உள்ளே வந்தார். கடிதத்தின் சேதி அவருக்கும் எட்டியிருந்தது. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. நானாதான் ஆரம்பித்தார்.

"வாங்கலா, பட்டம் வாங்குனவரு வந்துட்டாரு. நாற்காலி போடுங்கப்பா."

"சும்மா இருங்க நானா. நா என்ன செஞ்சேன்னு எனக்கே தெரியல. நீங்க வச்சிட்டுப் போற குளிர்லதான் என் வண்டி ஓடுது."

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே போகவில்லை. உள்ளே போனது மறுநாள்.

மறுநாள் காலை ஐஸ் வண்டி அண்ணன் ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, ஐஸ் எடுத்துப்போகிறவர். அங்கே கடை முதலாளியைத் தௌக்கே என்பார்கள்.

"தம்பி, நேத்து ராத்திரி குடுத்த கட்டியை அறுத்தா நடுவுல தண்ணி. வயித்துல தண்ணியோட ஐஸ் குடுக்கிறீங்களே, மீன்காரத் தௌக்கே என்னையக் கேக்குறான், இது ஐஸா இளநியான்னு. காலை முறைக் கட்டியாக் குடுங்க. அது கல்லு மாதிரி இருக்கு."

அவருக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு என் மேசைக்கு வந்தேன். தாளைப் பார்த்தேன். சாயந்திரம் 279, காலை 283. தாளின்படி சாயந்திரம்தான் குளிர் அதிகம். வண்டிக்காரர் ரம்பத்தின்படி காலைதான் குளிர் அதிகம். தாள் பொய் சொல்கிறதா, ரம்பம் பொய் சொல்கிறதா. நான் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தொட்டிப் பலகை மேல் ஏறினேன். அந்த ஆலையில் நான்கு வருஷம் இருந்தும், கரும்பலகையைப் பார்த்தே எழுதினேனே தவிர, தொட்டித் தெர்மாமீட்டரை என் கண்ணால் நான் பார்த்தது அதற்கு முன் இரண்டு மூன்று தரம் இருக்கும்.

குனிந்து பார்த்தேன். நடுவில் பூஜ்யம். மேலே ஐந்து, பத்து, பதினைந்து. கீழேயும் ஐந்து, பத்து, பதினைந்து. பாதரசம் கீழே இருக்கிற பத்தில் நின்றது. கரும்பலகையில் நானா எழுதியிருந்ததும் பத்துதான்.

பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பூஜ்யம் என்ற கோட்டின் மேல் விரலை வைத்து, இது 273 என்று சொல்லிக்கொண்டேன். மேலே இருக்கிற பத்துக்கு ஏறினால் 283. ஆனால் பாதரசம் ஏறவில்லையே, இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு கோடாக இறங்கினேன். 272, 271, 270. பத்தாவது கோட்டில் 263. மாலையில் ஆறு என்றால் 267. நான் எழுதியது 283, 279. நான்கு என்ற வித்தியாசம் சரியாகவே இருந்தது. யாருக்கு எந்தப் பக்கம் என்பதுதான் தலைகீழாகிவிட்டது. நானா எவ்வளவுக்கு எவ்வளவு குளிர வைத்தாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு என் பேனா அவரைச் சூடாக்கிக் காட்டியிருக்கிறது.

பெரியவனே, நீ சொன்ன "கூட்டினா முடிஞ்சிச்சு" இதுதான். 273-ஐக் கூட்டுவது சரி. ஆனால் எதோடு கூட்டுகிறாய் என்று பார். பூஜ்யத்துக்கு மேலே முப்பது என்றால் 303. கீழே பத்து என்றால் அது மைனஸ் பத்து, அதோடு 273-ஐக் கூட்டினால் 263தான் வரும். திரும்பி வருவதற்கு 273-ஐக் கழி. 263-லிருந்து கழித்தால் மைனஸ் பத்து வந்து நிற்கும், உனக்கு விடையே சொல்லிவிடும். நான் அந்த ஏழு வாரத்தில் ஒரே ஒரு நாள் திருப்பிக் கழித்துப் பார்த்திருந்தால், தொட்டி பூஜ்யத்துக்கு மேலே பத்து என்று வந்திருக்கும். ஐஸ் ஆலையில் உட்கார்ந்துகொண்டு அதை எழுத எந்தக் கைக்கும் கூசியிருக்கும்.

சரி, கண்டுபிடித்துவிட்டேன். உடனே துரையிடம் ஓடினேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஓடவில்லை. அன்றைக்கு முழுவதும் நான் யாரிடமும் சொல்லவில்லை. நானா என்னைத் தாண்டி இரண்டு தரம் போனார். நான் குனிந்து எழுதுகிற மாதிரி இருந்தேன். துரை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நானாவுக்குப் பதில் நான் என்று ஆகிவிட்டால், வீட்டில் ஏழு மாதத்தோடு ஒருத்தி இருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கேட்டு முடித்துக் கேட்டாள்:

"இது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்குமே தெரியாது."

"அப்போ நீங்க சொல்லாட்டி அவரு கப்பலேறிடுவாரு."

"சொன்னா நாம ஏற வேண்டியிருக்கும்."

அவள் அரிசித் தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி தண்ணீர் விட்டாள். "அவரு சம்சாரத்தைப் பாசாருல பாப்பேன். என் கையைப் புடிச்சி, எப்போ பொறக்கும்னு கேக்கும். நாளைக்கு அது கேட்டா நா என்னன்னு பதில் சொல்றது. நீங்களே யோசிச்சுக்குங்க. நா சோறு வைக்கிறேன்."

அவள் என்னைத் துரையிடம் போகச் சொல்லவில்லை. பேசாமல் இருக்கவும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதற்காக நான் அவளுக்குக் கடன்பட்டவன்.

மறுநாள் விடிந்ததும் ஏழு வாரத் தாள்களின் நகல்களை எடுத்து, தொட்டிக் கட்டம் முழுவதும் சிவப்பு மையால் அடித்து, சரியான எண்ணைப் பக்கத்தில் எழுதினேன். 283 அடித்து 263. 281 அடித்து 265. அழகான தாள்கள் கோழி கிளறியது போல ஆயின. துரை வந்ததும் கொண்டுபோய் வைத்தேன்.

துரைக்கு முதலில் புரியவில்லை. "கூட்டச் சொன்னார்கள், கூட்டினாய். அப்புறம் என்ன?" என்று மலாயில் கேட்டார். நான் அவரைத் தொட்டிக்குக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தார். நான் விரல் வைத்துக் கீழே கீழே எண்ணிக் காட்டினேன். அவர் நிமிர்ந்தார். கரும்பலகையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"யார் கையெழுத்துப் போட்டுச் சிங்கப்பூருக்கு எழுதுவது?"

"நான் போடுகிறேன் துரை. எழுதியது நான்தானே."

அவரும் அடியில் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார் என்பதை நான் சொல்லியாக வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டில் மைனஸ் கோடு போடச் சொல்லி யாரும் எழுதவில்லை என்று அவர் எழுதியிருந்தார். அது எனக்காகப் போட்ட வரி.

பிறகு நானாவிடம் போனேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார். முடிந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"இது உனக்கு எப்ப தெரியும்?"

"நேற்றுக் காலையில."

"நேத்துக் காலையிலயா. நேத்து ராத்திரிதான் எம் பொஞ்சாதி பொட்டியைக் கீழ எறக்குச்சு." அவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். "போ. வேலையிருக்கு."

பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் நானா என்னிடம் பேசவில்லை. கரும்பலகையில் எண்களை மட்டும் எழுதினார். மாலை முறைக்காரர் நடுவில் புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். "அவன் கணக்கு முடியட்டும், அப்புறம் பேசுறேன்" என்று நானா அவரையும் அனுப்பிவிட்டார். நான் தினமும் தபால்காரரை ஆலை வாசலில் எதிர்பார்த்து நின்றேன். தைப்பூசம் வந்து போனது. நான் மலை ஏறவில்லை.

கடிதம் பிற்பகலில் வந்தது. துரை படித்துவிட்டு, "நீயே கொண்டுபோய் அவரிடம் படித்துக் காட்டு" என்று என் கையில் கொடுத்தார்.

நானா டப்பாக்களைத் தூக்குகிற இடத்தில் நின்றிருந்தார். ஐஸ் வண்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. அவர் கையை உயர்த்தி என்னை நிற்கச் சொன்னார். கடைசி டப்பாவும் மேலே வந்து, கட்டி நழுவி விழுந்து, சாக்கில் சுற்றி வண்டியில் ஏறிய பிறகுதான் என் பக்கம் வந்தார்.

"படி."

படித்தேன். காலை முறைக்காரரை நிறுத்துவதாக எழுதிய உத்தரவு ரத்து, அவர் தொடர்ந்து வேலை பார்க்கலாம், நடந்ததற்கு வருந்துகிறோம் என்று இருந்தது.

"எம் பேரு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு நானா."

"காட்டு எங்கேன்னு."

காட்டினேன். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்த இடத்தில் விரலை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"உம் பேரு?"

"கீழே இருக்கு."

"அதுல என்ன சொல்றான்?"

"நாளையிலேருந்து நான் தாள் எழுத வேண்டாமாம். தொட்டிப் பக்கம் டப்பாத் தூக்குற வேலையாம். அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும்."

வண்டிக்காரர் ஒருவர் மாட்டை அதட்டினார். நானா கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். பிறகு அந்த ஒன்பது நாளில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"நாளைக்கு வரும்போது பழைய சாக்குத் துண்டு ரெண்டு கொண்டாந்திரு. கையில சுத்திக்கிட்டுத்தான் டப்பாவைத் தொடணும் தம்பி. வெறுங்கையால தொட்டா தோலு அதோட ஒட்டிக்கும்."